காரீயமில்லாத ஏர் பிஸ்டல் பெல்லட்: நெல்லைத் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சுகளுக்கு ஒத்துவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூடிய கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழகுகிற இடத்துக்கு, வெள்ளீயக் கலவையில் செய்த காரீயமில்லாத பெல்லட் (அதில் போடும் சிறு குண்டு) வாங்கலாம். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஒவ்வொரு புள்ளிக்கும் மல்லுக்கட்டுகிறவர்கள் காரீயத்தை விட வேண்டியதில்லை. ஸ்பிரிங் வைத்த மடக்குத் துப்பாக்கிக்கு இது வேண்டவே வேண்டாம். எந்தத் துப்பாக்கி, எந்த இடம் என்று பார்க்காமல் "காரீயமில்லாதது நல்லது" என்று வாங்கினால் காசும் போகும், குறியும் போகும்.

இங்கே எடுத்துக்கொண்டது 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலைப் பெல்லட். காரீயமில்லாத பக்கம் எச் அண்ட் என் நிறுவனத்தின் மேட்ச் கிரீன், எடை 0.34 கிராம், அதாவது 5.25 கிரெய்ன். ஒப்பிட வைத்தது ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 பிஸ்டல் பெல்லட், 0.45 கிராம், 7 கிரெய்ன். இரண்டும் ஜெர்மனிச் சரக்கு. இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.34 கிராம். அதே அளவு வெள்ளீயம் 7.3 கிராம், துத்தநாகம் 7.1, செம்பு 8.96, பிஸ்மத் 9.8, டங்ஸ்டன் 19.25. பெல்லட்டின் விட்டத்தைக் குழல் தீர்மானித்துவிடுகிறது. நீளத்தையும் ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆகவே உலோகத்தை மாற்றினால் எடை குறைந்தே தீரும். டங்ஸ்டன் ஒன்றுதான் காரீயத்தைவிடக் கனம், ஆனால் விலையும் கடினமும் விளையாட்டுப் பெல்லட்டுக்கு ஆகாது. பிஸ்மத் கனத்தில் அருகே வந்தாலும் நொறுங்கும் குணம் உள்ளது. பெல்லட்டின் பின்பக்கம் குழிந்து விரிந்திருக்கும் மெல்லிய பாவாடை விளிம்புக்கு அது சரிப்படாது. துத்தநாகம் மலிவு, கடினம். மீதி இருப்பது வெள்ளீயம், நாம் சொம்பில் ரசம் வைக்கிற அதே உலோகம்.

பொதுவாகப் போட்டி ஏர் பிஸ்டல் ஒன்று 0.45 கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஆற்றல் சுமார் 5 ஜூல். அதே 5 ஜூல் 0.34 கிராமுக்குக் கிடைத்தால் வேகம் 172 மீட்டர் வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு ஏறாது. எடை குறைந்த பெல்லட் குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுவதால் காற்று தன் வேலையை முழுக்கச் செய்வதில்லை. 165 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

10 மீட்டரில் இது என்ன செய்யும்? 150 மீட்டர் வேகத்தில் பெல்லட் இலக்கைத் தொட 0.067 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 22 மில்லிமீட்டர் இறங்கும். 165 மீட்டர் வேகத்தில் இறக்கம் 18 மில்லிமீட்டர். ஆக 4 மில்லிமீட்டர் மேலே பட வேண்டும். ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 8 மில்லிமீட்டர். எனவே கால்குலேட்டர் அரை வளையம் மேலே என்கிறது.

கால்குலேட்டரை மட்டும் நம்பிக் குறிபார்க்கும் சைட்டைத் திருப்பாதீர்கள். பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே பிஸ்டல் லேசாக மேல்நோக்கி எழத் தொடங்குகிறது. இலேசான பெல்லட் சீக்கிரம் வெளியேறுவதாலும் அதன் உந்தம் குறைவாக இருப்பதாலும் அந்த எழுச்சி குறையும், அடி கீழே படும். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒரு பிஸ்டலில் மேலே போகும், இன்னொன்றில் இருந்த இடத்திலேயே நிற்கும். பெல்லட் மாற்றினால் சைட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும், எந்தப் பக்கம் எத்தனை கிளிக் என்பதை அட்டையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மாற்றும் முறையில் பலர் அவசரப்படுகிறார்கள். காரீயம் சுட்ட குழலில் மெல்லிய காரீயப் படலம் ஒட்டியிருக்கும். அதன்மேல் வெள்ளீயத்தைச் சுட்டால் முதல் சில அடிகள் சிதறும். உடனே "பெல்லட் சரியில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. துப்பாக்கி காலியா என்று பார்த்து, குழல் துடைக்கிற உலர்ந்த ஃபெல்ட் பெல்லட் (அழுத்திய கம்பளித் துண்டு) இரண்டு மூன்றைப் பின்பக்கமிருந்து செலுத்தித் துடையுங்கள். எண்ணெய் போட வேண்டாம். போட்டிருந்தால் ஃபெல்ட் ஈரமில்லாமல் வரும்வரை துடைக்க வேண்டும். பிறகு 20, 30 முறை சும்மா சுட்டுக் குழலைப் பழக்குங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு ஐந்தைந்து அடியாக ஐந்து அட்டை. கையில் பிடித்துச் சுட்டால் சோதிக்கப்படுவது கைதான். வைஸில் (பட்டறைப் பிடிகருவி) கட்ட வசதியில்லை என்றால் மணல்பை மீது இரண்டு கையும் தாங்கிச் சுடலாம். காரீயத்துக்கு மறுபடி திரும்பும்போதும் இதே சடங்குதான். ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு ஒப்பிட்டால் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது.

குழலில் ஏற்றும்போதே விரலுக்கு வித்தியாசம் தெரியும். காரீயம் அமுங்கி உட்காரும். வெள்ளீயக் கலவை சற்று விறைப்பு, கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருக்கும். காற்றழுத்தத்தில் காரீயப் பெல்லட்டின் பாவாடை விரிந்து குழலின் வரிப்பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். ஐந்து ஜூல் பிஸ்டலில் அந்த அழுத்தம் குறைவு. விறைப்பான பாவாடை முழுக்க விரியாமல் காற்று கசியலாம். கசிந்தால் வேகம் அடிக்கு அடி மாறும், அட்டையில் மேல்கீழாக நீண்ட கூட்டம் தெரியும். பக்கவாட்டில் சிதறினால் காரணம் வேறு, பெரும்பாலும் டிரிகர் விரல்தான்.

காரீயத்தில் தலை அளவு 4.49, 4.50 என்று பல அளவில் டப்பா கிடைக்கும், குழலுக்குப் பொருந்துவதைத் தேடிப் பிடிக்கலாம். காரீயமில்லாத சரக்கில் அந்தத் தேர்வு குறைவு. உங்கள் குழலுக்கு 4.49 பொருந்தும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், இதில் அதற்கு இணையான கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். போட்டிக்காரர்கள் காரீயத்திலேயே நிற்கலாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

விதி தடுக்கவில்லை. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதி 10 மீட்டருக்கு "காரீயம் அல்லது வேறு மிருதுவான பொருள்" என்றுதான் கேட்கிறது. வெள்ளீயத்தை எடுத்துக்கொண்டு போனால் கன்ட்ரோலில், அதாவது போட்டிக் கருவிச் சோதனையில், நிறுத்த மாட்டார்கள்.

பெல்லட்டை நிறுத்துப் பிரித்துப் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. நகைக்கடைத் தராசு வரை போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த உழைப்பு வீண். 0.34 கிராமில் 5 மில்லிகிராம் மாறினால் ஒன்றரை சதவீதம். அதனால் வேகம் முக்கால் சதவீதம் மாறும், 10 மீட்டரில் அடி கால் மில்லிமீட்டர் நகரும். கண்ணுக்கே தெரியாது. அந்த நேரத்தில் பாவாடை விளிம்பைப் பாருங்கள். நசுங்கல், பிசிறு, தலையில் கீறல், உள்ளே ஒட்டிய துகள் இருந்தால் தள்ளிவிடுங்கள். இதில் வெள்ளீயம் ஒரு படி மேல். கூரியரில் குலுங்கி வந்தாலும் காரீயம் அளவுக்கு நசுங்குவதில்லை.

சேமிப்பிலும் அப்படியே. மரப் பெட்டியில், மர அலமாரியில் நாள்கணக்கில் வைத்த காரீயப் பெல்லட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். மரத்திலிருந்து கசிகிற அமில ஆவியும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தப் பொடி காரீயச் சேர்மம், ஊதித் தட்டக் கூடாது. அந்த டப்பாவையே ஒதுக்கிவிடுங்கள். வெள்ளீயம் அப்படிப் பூக்காது. தூய வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் சாம்பல் பொடியாக உதிரும் என்று படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. திருநெல்வேலியில் 13 டிகிரி என்பது குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டும்தான்.

இந்த ஊருக்கென்று உள்ள தொல்லை காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, பாளையங்கோட்டை மொட்டைமாடித் தகரக்கொட்டகைக்குள்ளும் நுழையும். பக்கவாட்டுக் காற்று 10 மீட்டரிலேயே பெல்லட்டைச் சில மில்லிமீட்டர் தள்ளிவிடும். எடை குறைந்த பெல்லட் வழியில் வேகத்தைச் சீக்கிரம் இழப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒதுங்கும். இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மின்விசிறியைச் சுடும் வரிசைக்குப் பின்னால் மட்டும் ஓடவிட்டால் போதும். அதைச் செய்யாத ரேஞ்சில் எந்தப் பெல்லட்டையும் மதிப்பிட முடியாது.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஏன் வேண்டாம்? அதில் பிஸ்டன் முன்னே பாயும்போது முன்னாலிருக்கும் பெல்லட்டின் எதிர்ப்புதான் காற்றை அமுக்கி, பிஸ்டனுக்கு மெத்தைபோல நின்று தாங்குகிறது. பெல்லட் இலேசாக இருந்தால் சீக்கிரம் விலகிவிடும், பிஸ்டன் உருளை முனையில் மோதும். சத்தம் கூடும், சீல் கிழியும், ஸ்பிரிங் வளையும். ரைஃபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் துப்பாக்கிக்கு உச்சவரம்பு 20 ஜூல். அந்த வரம்பை ஒட்டிய துப்பாக்கியில் 0.34 கிராம் பெல்லட் நொடிக்கு 343 மீட்டர் வரை போகும். வெயில் காலத்தில் ஒலியின் வேகமே 350 பக்கம். ஒலியின் வேகத்தை நெருங்கும் தட்டைத் தலைப் பெல்லட் தள்ளாடும். அதே துப்பாக்கியில் 0.53 கிராம் காரீயம் 275 மீட்டரில் ஒழுங்காகப் போகும். "அதிவேகம்" என்று டப்பாவில் பெரிதாக அச்சடித்து விற்கிற துத்தநாகக் கலவைப் பெல்லட்டுகளுக்கும் இதே குறைதான், பிஸ்டலுக்கு அவை எந்த வகையிலும் ஆகாது. செம்பு முலாம் பூசிய எஃகு உருண்டையை வரிக்குழலில் போடவே கூடாது, குழல் பாழாகும்.

இனி கண்ணுக்கான எச்சரிக்கை. காரீயம் இரும்புத் தகட்டில் பட்டால் அப்பளமாக நசுங்கி அங்கேயே விழும். வெள்ளீயக் கலவை அவ்வளவு நசுங்காது, துள்ளும். செங்குத்தாக நிறுத்திய தகடு இருந்தால் 10 மீட்டர் தாண்டித் திரும்பி வரக்கூடும். தகட்டை 45 டிகிரி சாய்த்து, பெல்லட் கீழே மணல் தட்டில் விழும்படி அமையுங்கள். அதற்கு முன்னால் கனமான சாக்கையோ பழைய கம்பளியையோ கீழ்ப்பக்கம் கட்டாமல் தொங்கவிடுங்கள். ஆடுகிற துணி வேகத்தை வாங்கிக்கொள்ளும். பழைய டயர் ரப்பரை நிறுத்துகிறார்கள், அது தவறு. இறுகிய ரப்பர் பெல்லட்டை வந்த வழியே திருப்பி அனுப்பும். சுடுகிறவர் மட்டுமல்ல, பின்னால் நிற்கிற அப்பா அம்மாவும் பாலிகார்பனேட் கண்ணாடி போட வேண்டும். வெயிலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி இதற்குப் போதாது.

இவ்வளவு குறை இருந்தும் பள்ளி ரேஞ்சுக்கு ஏன் பரிந்துரைக்கிறோம் என்றால், பிள்ளைகளின் கை. காரீயப் பெல்லட் தொட்ட விரல் கறுக்கும். அதே விரலால் வடையும் முறுக்கும் உள்ளே போகும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடுகிற பழக்கத்தைத் திட்டியும் நிறுத்த முடிவதில்லை. குழந்தைகளின் இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலக்குப் பெட்டியைச் சுற்றிப் படியும் தூசியைக் காய்ந்த வாரியலால் பெருக்கினால் அது கூடம் முழுக்கப் பறக்கும். காரீயத்தையே தொடர்பவர்கள் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவ வேண்டும், சுடும் வரிசையில் தின்பண்டம் கூடாது. இதை ஒழுங்காகச் செய்கிற பெரியவர்களுக்கு ஏர் பிஸ்டலில் ஆபத்து குறைவு. பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறையும் செய்யும் என்று எந்தக் கோச்சும் உறுதி தர முடியாது.

பறவைகளுக்காக மாறுகிறோம் என்று சிலர் சொல்வது இங்கே பொருந்தவில்லை. நீர்ப்பறவைகள் காரீயச் சில்லுகளைக் கல் என்று விழுங்கிச் சாவது வேட்டை நடக்கும் நாடுகளில் மெய்யான பிரச்சினை. அதனால்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு அதைத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களுக்கான தடை 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. நம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டைக்கே இடமில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் ஏர் கன்னோடு போகிறவருக்குத் தேவை நல்ல பெல்லட் அல்ல, நல்ல வக்கீல்.

வெடிமருந்துக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே கதை வேறு. செப்புறை போட்ட தோட்டாவில் காரீயம் வெளியே வராது என்பது பாதிதான் சரி. சாதாரண உறைக்குண்டின் அடிப்பகுதி திறந்திருக்கும், சூடான வாயு அங்கே காரீயத்தை உருக்கி ஆவியாக்கும். குண்டில் காரீயமே இல்லாவிட்டாலும், தீக்கொடுக்கும் பிரைமரில் காரீய ஸ்டிஃப்னேட் என்ற வேதிப்பொருள் இருந்தால் புகையில் அது வரும். எனவே குண்டு, பிரைமர் இரண்டும் காரீயமில்லாததா என்று டப்பாவில் படித்துப் பார்க்க வேண்டும்.

முழுச் செம்புக் குண்டில் எடைச் சிக்கல் அப்படியே திரும்ப வருகிறது. 9 மில்லிமீட்டரில் 124 கிரெய்ன் காரீயக் குண்டின் அதே உருவத்தைச் செம்பில் செய்தால் 98 கிரெய்ன்தான் வரும். எடையைக் கூட்ட நீளமாக்கினால், தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்ட முடியாததால் குண்டு உள்ளே இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும், அழுத்தம் ஏறும். செம்புத்தூளையும் வெள்ளீயத்தூளையும் அழுத்திச் செய்த நொறுங்கும் குண்டுகள் எஃகு இலக்கில் பட்டுத் தூளாகும், பயிற்சிக் கூடங்களுக்கு ஏற்றவை. டங்ஸ்டனையும் நைலானையும் சேர்த்து அமெரிக்க ராணுவம் செய்த ரைஃபிள் குண்டு மாசசூசெட்ஸ் பயிற்சித் தளத்தில் 2006இல் கைவிடப்பட்டது, டங்ஸ்டன் மண்ணில் கரைந்து இறங்கியதால். கைத்துப்பாக்கியில் போடக்கூடிய, முழுக்க எஃகு, பித்தளை, வெண்கலம், டங்ஸ்டன் கலவையால் ஆன குண்டுகளைக் கவசம் துளைப்பவை என்று அமெரிக்கச் சட்டம் 1986இலேயே கட்டுப்படுத்திவிட்டது. சந்தையில் செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் மட்டும் சுற்றிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

25 மீட்டர் .22 பிஸ்டலுக்குச் செம்புத்தூளைப் பாலிமரில் கட்டிய 21 கிரெய்ன் தோட்டா வெளிநாட்டில் உண்டு. வழக்கமான 40 கிரெய்னில் பாதிதான். நம் ஊரில் உரிமத்தோடு .32 ரிவால்வர் வைத்திருப்பவர் காரீயத்தோடுதான் காலம் தள்ள வேண்டும். சுட்டபின் கை முகம் கழுவி, உடையைத் தனியாகத் துவைப்பதே அவருக்கு உள்ள வழி.

விலைக்கு வருவோம். உலோகச் சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விலை. பெல்லட்டில் அந்த விகிதம் அப்படியே வராவிட்டாலும் கூடுதல் கூடுதல்தான். டப்பா விலையை ஒப்பிடாதீர்கள். காரீயப் போட்டிப் பெல்லட் வழக்கமாக 500 அடங்கிய டப்பா, காரீயமில்லாதவை பலவும் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் வரும். ஒரு பெல்லட்டுக்கு எத்தனை பைசா என்று வகுத்துப் பாருங்கள். 60 முறை சுடும் போட்டியை முழுக்கப் பயிற்சி செய்தால் சைட் பார்க்கச் சுடுவதோடு சேர்த்து 80 பெல்லட் வரை போகும் என்று கணக்கு வையுங்கள். இறக்குமதிச் சரக்கு விட்டுவிட்டு வருவதால், ஒரு டப்பா வாங்கிச் சோதித்து, பிடித்திருந்தால் அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் மொத்தமாக எடுப்பது நல்லது. தொகுதி மாறினால் திரும்பச் சோதிக்க வேண்டும். திறந்த டப்பாவை "அண்ணாச்சி, பாதி விலைக்குத் தாரேன்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். பல தொகுதி கலந்திருக்கும்.

இரண்டு வகையும் ஓடுகிற ரேஞ்சில் இலக்குப் பெட்டியைத் தனித்தனியாக வையுங்கள். தனிக் காரீயம் பழைய உலோகக் கடையில் நல்ல விலைக்குப் போகும். வெள்ளீயமோ துத்தநாகமோ கலந்துவிட்டால் எடுப்பவர் விலையை அடித்துக் குறைப்பார், துத்தநாகம் கலந்த காரீயத்தை உருக்கி வார்ப்பவர்கள் விரும்புவதில்லை. சேர்ந்த காரீயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி உவரிப் பக்கத்து வலைக்குக் குண்டு வார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். 327 டிகிரியில் உருகும், மேலே மிதக்கும் சாம்பலைக் கிளறும்போது தூசி சமையலறை முழுக்கப் படியும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, மேலே பெயரெழுதி, நிறைந்ததும் கொடுத்துவிடுங்கள்.